முப்பது டிகிரி

லாஜ்பத் நகர்க் கடைக்காரி
தீக்குச்சி கிழித்தாள்.
உடுப்பின் உள்தையலில் உருவிய ஓரிழை
உருகவில்லை, சொட்டவில்லை,
தலைமயிர் பொசுங்கும் நாற்றத்தோடு
அவள் விரலில் சாம்பலாய் உதிர்ந்தது.
"ஜீவனிலிருந்து வந்த நூல்.
பிளாஸ்டிக் என்றால் முத்தாய் உருண்டிருக்கும்."
கம்பளி எழுபது, பட்டு முப்பது.
விலையைச் சொன்னதும்
எங்களுக்கு வேர்த்தது,
டிசம்பரில்.

தாட்சாயணி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்,
பிறகு கழுத்தில்,
பிறகு மணிக்கட்டின் உட்புறத்தில்.
தையல் ஆறாத வயிற்றை இன்னொரு கை பிடித்திருந்தது.
குத்தவில்லை என்றாள்.
நான் பொத்தான்களை இழுத்துப் பார்த்தேன்.
நாடா இல்லை, நல்லது.
"ஒரு அளவு கூடவே எடுங்கள், வளர்வான்."
அந்த ஒரு சொல்லுக்காக
பேரம் பேசாமல் இரண்டு வாங்கினேன்.

மூன்று நாளாய்ச் சூரியன் வராத தில்லியில்
பரிதி என்று பேர் வைத்திருந்தோம் அவனுக்கு.
வெளியே ஆறு.
மாளவியா நகர் வீட்டில், ஹீட்டரை ஒட்டி, பதினெட்டு.
மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்துநான்கு.
அதில் கிடந்த முப்பத்தொரு நாளும்
டயப்பரும் குழாய்களும்தான் உடுப்பு.

வீட்டுக்கு வந்தபின் துவைப்பது என் வேலையானது.
அலுவலகக் கோப்பைப் படிப்பதுபோல்
கழுத்துப் பட்டையைப் படித்தேன்.
முப்பது டிகிரி. முறுக்காதே. தொங்கவிடாதே.
வாளியில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன்.
கம்பளிக்கென்று ஒரு மூடி திரவம்,
அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு.
தேய்த்தால் கோபித்துக்கொள்ளும் துணி.
துண்டில் சுருட்டி, மேலே முட்டி போட்டு ஈரம் வாங்கி,
சாப்பாட்டு மேசையில் கிடத்தி
கைகால்களை நேராக்குவேன்.
ஆளில்லாத குழந்தையொன்று
இரவெல்லாம் மல்லாந்து காயும்.
நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"தூங்கப் போன புழுவை
வெந்நீரில் போட்டு எடுத்த நூல், இல்லையா?"
என்றாள் ஒருநாள்.
பரிதி பால்வாயோடு உறங்கிக்கொண்டிருந்தான்.
நான் பதில் சொல்லவில்லை.
அவளும் அவன் உடுப்பைக் கழற்றவில்லை.

ஜனவரி பதினொன்று, விடியற்காலை மூன்றரை.
இரண்டுமுறை பால் கக்கி
ஒருமுறை போர்வை வரைக்கும் நனைத்துவிட்டான்.
எல்லாவற்றையும் அள்ளி இயந்திரத்தில் போட்டேன்.
அறுபது.
வட்டக் கண்ணாடிக்குள் சுழலும் வெள்ளையை
நின்று பார்த்துக்கொண்டும் இருந்தேன்.
தூக்கக் கலக்கத்தில்
அழகாயிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

எடுத்தபோது தடித்து இறுகி
என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.

திட்டுவாள் என்று நின்றேன்.
தாட்சாயணி வாங்கினாள்,
மேசையில் கிடத்தினாள்,
கைகளை நேராக்கினாள், வழக்கம்போல.
கழுத்திலிருந்து கால்வரை சாண் வைத்தாள்.
ஒரு சாண், அப்புறம் நாலு விரல்.

"இவ்வளவுதான் இருந்தான்."

இந்த அளவில் இருந்தபோது
அவனுக்கு ஒன்றும் உடுத்திப் பார்க்கவில்லை நாங்கள்.
வட்ட ஓட்டை வழியாக ஒரு விரல்,
அதுவும் மருந்து தடவிக் கழுவிய விரல்.

மேசையில் கிடந்த வெற்றுக் கைக்குள்
அவள் அந்த விரலை விட்டுப் பார்த்தாள்.
போகவில்லை பாதிக்கு மேல்.

உள்ளறையில் அழுகை.
இப்போது மூன்று கிலோ நூறு,
தொண்டை மட்டும் அஞ்சு கிலோ.
போகும் வழியில் அவள்
மருத்துவமனைக் கோப்பைத் திறந்து
முதல் எடைச் சீட்டின்மேல் அதை மடித்து வைத்தாள்.
பூச்சி வராமலிருக்க
நாலு கிராம்பு கொண்டுவரச் சொன்னாள்.

கொடுத்துவிட்டு வந்து
மிச்சமிருக்கும் ஒன்றுக்காக
வாளியில் நீர் கலந்தேன்.
முழங்கையை விட்டேன்.
இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.